பெயர்ப்பலகை எழுதும் முன்: விளம்பரத் தடை குறித்துப் புதிய வழக்கறிஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

வழக்கறிஞர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, சீனியரின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் கட்டுத் தூக்கிப் பழகிய பின் தனியாக அலுவலகம் வைக்கத் துணியும் இளம் வழக்கறிஞர், மேசை நாற்காலி வாங்குவதற்கும் முன்பாகப் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் பெயர்ப்பலகை எழுதுபவரின் கடைதான். நானும் அப்படிப் போய் நின்றவன். "பேருக்குக் கீழ என்ன சார் போடணும்? சிவில், கிரிமினல், விவாகரத்து, விபத்து நஷ்டஈடுன்னு வரிசையா எழுதிடவா? எதிர்க் கட்டடத்து வக்கீலுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று கடைக்காரர் கேட்டார். நாளை சொல்கிறேன் என்று திரும்பி வந்து சீனியரிடம் விவரம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து இந்திய பார் கவுன்சில் விதித் தொகுப்பை எடுத்து, விதி 36 உள்ள பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அந்த ஒரு விதியை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வாங்கியிருக்கமாட்டார்கள் என்று சொல்லத்தக்க பலரைப் பின்னாளில் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்காக, அந்த விதியை வரிசையாகப் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியை முழுமையாகப் படியுங்கள்

வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 49(1)(இ) வழக்கறிஞர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த விதிகளை இயற்றும் அதிகாரத்தை இந்திய பார் கவுன்சிலுக்கு வழங்குகிறது. அவ்வாறு இயற்றப்பட்ட விதிகளின் ஆறாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தில் விதி 36 இடம்பெற்றுள்ளது. அது எந்தத் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நீதிமன்றத்துக்கான கடமை, கட்சிக்காரருக்கான (வழக்கை ஒப்படைப்பவருக்கான) கடமை என்ற தலைப்புகளின்கீழ் அது இல்லை. சக வழக்கறிஞர்களுக்கான கடமை என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வரவேண்டிய கட்சிக்காரரைக் கூவி அழைத்து இழுத்துக்கொள்ளக்கூடாது என்ற எண்ணத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் இந்த விதி அதிகமாகக் காப்பாற்றுவது சக வழக்கறிஞரை அன்று, கட்சிக்காரரைத்தான் என்பது என் கருத்து. மகன் கைதாகி இரவெல்லாம் தூங்காமல் காலையில் நீதிமன்ற வாசலில் வந்து நிற்கும் ஒரு தாய்க்கு, எந்த வழக்கறிஞரின் தற்புகழ்ச்சி உண்மை, எது பொய் என்று ஆராய்ந்து பார்க்கும் நிலைமை இருக்காது. அந்த நேரத்தில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் பின்னால் அந்தத் தாய் போய்விடுவார்.

விதியின் சாரம் இது. வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்டு அலையக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட கடிதத் தொடர்பு, சொந்த உறவோ பழக்கமோ இல்லாதவர்களை நாடிச் சென்று சந்திப்பது, பத்திரிகைகளுக்குக் கருத்துக் கொடுப்பது அல்லது கொடுக்கத் தூண்டுவது, தாம் நடத்தும் வழக்கு தொடர்பாகத் தம் புகைப்படத்தை வெளியிடச் செய்வது ஆகிய எல்லா வழிகளையும் விதி பெயர் சொல்லியே அடைக்கிறது. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்கவேண்டும். பார் கவுன்சிலிலோ ஏதேனும் சங்கத்திலோ தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கிறார் அல்லது இருந்தார் என்றோ, ஒரு நபரோடு அல்லது அமைப்போடு தொடர்புடையவர் என்றோ, குறிப்பிட்ட வகை வழக்குகளில் சிறப்புத் தேர்ச்சி உடையவர் என்றோ, நீதிபதியாகவோ அட்வகேட் ஜெனரலாகவோ (மாநில அரசின் தலைமை வழக்கறிஞராகவோ) இருந்தவர் என்றோ பலகையிலும் கடிதத்தாளிலும் குறிப்பிடக்கூடாது.

"மறைமுகமாக" என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். நோட்டீஸ் பெற்றவர்கள் சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லில் வந்து முட்டித்தான் நின்றுபோகின்றன.

இந்தத் தடை நேற்று முளைத்ததும் அன்று. பெயர், முகவரி, தொழில் விவரம் ஆகியவற்றை மட்டும் தாங்கிய அஞ்சலட்டையைக் கட்சிக்காரராக வரக்கூடியவர்களுக்கு அனுப்புவதே முறையற்ற விளம்பரம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1929-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அஞ்சலட்டையின் இடத்தில் இன்றைய வாட்ஸ்அப் செய்தியை வைத்துப் பாருங்கள். மகாராஷ்டிரா பார் கவுன்சில் தொடுத்த தபோல்கர் வழக்கு இன்னும் கடுமையான காட்சியைக் காட்டுகிறது. பம்பாயின் எஸ்பிளனேடு காவல் நீதிமன்ற வாசலில் சில வழக்கறிஞர்கள் நின்றுகொண்டு, உள்ளே வருபவர்களை நோக்கிப் பாய்வதும், கட்டணத்தை ஒருவருக்கொருவர் குறைத்துப் பேசுவதும், வழக்கைப் பறித்துக்கொள்ளத் தமக்குள் சண்டையிடுவதுமாக இருந்தார்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கின் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்டம் வாணிகமன்று, வழக்குக் கட்டுகள் சரக்கும் அன்று என்று உறுதிபடச் சொன்னார்.

பலகை, விசிட்டிங் கார்டு, கடிதத்தாள்

பலகையில் பெயர், பட்டம், வழக்கறிஞர் என்ற சொல், வேண்டுமானால் பதிவு எண், அலுவலக நேரம், தொலைபேசி எண் ஆகியவை போதும். நியாயமான அளவு என்பதற்கு விதியில் அடிக்கணக்கு கொடுக்கப்படவில்லை. நான் பின்பற்றும் அளவுகோல், வாசலுக்கு வந்து நிற்பவர் படிப்பதற்குப் போதுமானதாகப் பலகை இருக்கவேண்டும், தெருமுனையில் போகிறவரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் அளவுக்கு இருக்கக்கூடாது என்பதே. விளக்குப் போட்ட பலகை, கட்டடத்தின் மூன்று பக்கத்திலும் பலகை, பேருந்து நிறுத்தத்திலிருந்து அம்புக்குறி போட்ட பலகை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

"உயர் நீதிமன்ற வழக்கறிஞர்" என்று போடலாமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 30, 2011-ஆம் ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு, பதிவு பெற்ற எந்த வழக்கறிஞரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம் என்பதால், அந்தச் சொற்றொடர் தனித் தகுதி எதையும் குறிப்பதில்லை. தாலுகா நீதிமன்றம் உள்ள ஊரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், மற்றவர்களுக்கு உயர் நீதிமன்றம் போகும் உரிமை இல்லை என்று பாமரர் நினைத்துக்கொள்வார். பெயரளவில் பொய் இல்லையென்றாலும் அது உண்டாக்கும் எண்ணம் தவறானது. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வழக்கமாக ஆஜராகிறவர் தம் முகவரியை எழுதினாலே வருபவருக்கு விவரம் விளங்கிவிடும்.

சங்கச் செயலாளர், முன்னாள் தலைவர், அரசியல் கட்சியின் வழக்கறிஞர் அணி நிர்வாகி, வங்கியின் சட்ட ஆலோசகர், முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆகியவற்றைக் கார்டில் அச்சடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் மிகுதி. சங்கப் பதவியை விதி நேராகவே தடுக்கிறது. மற்றவை ஓர் அமைப்போடு உள்ள தொடர்பைக் காட்டக்கூடாது என்ற சொற்களுக்குள் வந்துவிடுகின்றன. எல்லோரும் செய்கிறார்களே என்ற பதில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன்னால் எடுபடாது. திறப்புவிழாவுக்கு நண்பர்கள் வைக்கும் பிளெக்ஸ் பேனரையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். பேண்டும் (கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை) கவுனும் அணிந்த படத்தைத்தான் அதில் போடுவார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் பேண்டையோ கவுனையோ அணியக்கூடாது என்று விதி 7 தனியாக இருக்கிறது.

"நிபுணர்" என்ற சொல்லைத் தொடும் முன்

இந்தக் கட்டுரையில் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மருத்துவர் ஒருவர் இதயநோய் நிபுணர் என்று பலகை போட்டால், அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்த பல்கலைக்கழகமும் அதைப் பதிவு செய்த மருத்துவ கவுன்சிலும் இருக்கும். ஐயமுள்ளவர் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் ஒருவர் விவாகரத்து வழக்கு நிபுணர், சைபர் குற்ற வழக்கு ஸ்பெஷலிஸ்ட், நில வழக்குகளில் சான்று பெற்ற வல்லுநர் என்று எழுதினால் விசாரிப்பதற்கு இடமே கிடையாது. வழக்கறிஞருக்குத் துறைவாரியாகச் சிறப்புச் சான்று வழங்கும் ஏற்பாடு எதையும் வழக்கறிஞர்கள் சட்டம் உண்டாக்கவில்லை. எந்த பார் கவுன்சிலும் அப்படியொரு சான்றைக் கொடுப்பதும் இல்லை. கொடுத்தவர் இல்லாத சான்றை ஒருவர் தாமே தமக்குச் சூட்டிக்கொள்கிறார் என்பதுதான் இதிலுள்ள தீங்கு. ஆகவே எந்தத் தகுதியையும் எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எனக்குக் கொடுத்தது யார், கட்சிக்காரர் அவரிடம் போய்ச் சரிபார்க்க முடியுமா?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வழக்கமாகக் குழப்பம் வரும் சில தகுதிகளைப் பார்ப்போம்.

மூத்த வழக்கறிஞர் என்பது சட்டம் வழங்கும் தகுதி. பிரிவு 16 வழக்கறிஞர்களை மூத்த வழக்கறிஞர், மற்ற வழக்கறிஞர் என்று இரண்டே வகுப்பாகப் பிரிக்கிறது. உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஒருவரின் திறமை, நீதிமன்றத்தில் அவருக்குள்ள மதிப்பு, சட்டத்தில் அவருக்குள்ள தனி அறிவு அல்லது அனுபவம் ஆகியவற்றைக் கருதி, அவருடைய சம்மதத்தோடு அந்த நிலையை அளிக்கிறது. 2017-இல் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில் இதற்கென மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே அந்த மதிப்பெண் முறையைக் கைவிட்டது. அந்த நிலை பெற்றவர் நேரடியாக வக்காலத்து (வழக்கை நடத்தக் கட்சிக்காரர் எழுதித்தரும் அதிகாரப் பத்திரம்) தாக்கல் செய்யக்கூடாது, இன்னொரு வழக்கறிஞரின் துணையின்றி ஆஜராகக்கூடாது என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. இவ்வளவு இருக்க, நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள எவரையும் தொலைக்காட்சி விவாதங்களில் "மூத்த வழக்கறிஞர்" என்று பெயருக்குக் கீழே ஓடவிடுகிறார்கள். வயதுக்குத் தரும் மரியாதையாக அவர்கள் நினைக்கலாம். ஆனாலும், அந்த நிலை உங்களுக்கு வழங்கப்படாதவரை, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே "வழக்கறிஞர் என்று மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பெற்ற அட்வகேட் ஆன் ரெக்கார்டு என்பதும் சரிபார்க்கத்தக்க தகுதியே. உச்ச நீதிமன்றம் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் அந்நீதிமன்றத்தின் பதிவேட்டில் இருப்பார்கள். ஆனால் அது வழக்கைத் தாக்கல் செய்து நடத்தும் உரிமையைக் குறிக்கிறது. வரிச் சட்டத்திலோ குற்றவியல் சட்டத்திலோ தனித்தேர்ச்சி உண்டு என்பதை அது காட்டாது. அகில இந்திய பார் தேர்வுச் சான்றிதழும் அப்படித்தான். 2010-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தேர்வு தொழில் செய்வதற்கான அடிப்படைத் தகுதியை மட்டும் சோதிக்கிறது. எல்லோரும் தேறவேண்டிய தேர்வை ஒருவர் மட்டும் பெருமையாக அச்சடித்துக்கொள்வது பொருளற்றது.

எல்.எல்.எம்., பிஎச்.டி. ஆகிய பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போடலாம், அவை கல்வித் தகுதிகள். "எல்.எல்.எம். (குற்றவியல்)" என்று பட்டத்தை உள்ளபடி எழுதுவதற்கும், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு "குற்றவியல் சட்ட வல்லுநர்" என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. இரண்டு மாத இணையவழிப் படிப்பில் பெற்ற சான்றிதழைக் காட்டி "சான்று பெற்ற சைபர் வழக்கறிஞர்" என்று எழுதுகிறவர் அந்தக் கோட்டை மிதித்துத் தாண்டியவர். படிப்பு நல்ல படிப்பாகவே இருக்கலாம். ஆனால் அதை நடத்திய நிறுவனத்துக்கு வழக்கறிஞரை இன்ன துறையின் வல்லுநர் என்று அறிவிக்கும் அதிகாரம் கிடையாது.

இந்த இடத்தில் பலர் தடுக்கிவிழுவதற்கு அமெரிக்க வழக்கறிஞர்களின் இணையதளங்களைப் பார்த்து எழுதுவதும் ஒரு காரணம் என்பதால் அங்குள்ள நிலையையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் ஒருகாலத்தில் தடை இருந்தது. அரிசோனா மாநில பார் அமைப்புக்கு எதிரான பேட்ஸ் வழக்கில் 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகத் தடுப்பது பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்தில் துறைவாரியாகச் சான்று வழங்கும் வாரியம் 1974 முதல் இயங்குகிறது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பீல் என்ற வழக்கறிஞர், தேசிய அளவிலான ஒரு தனியார் அமைப்பிடம் பெற்ற சான்றைத் தம் கடிதத்தாளில் அச்சடித்ததற்காகக் கண்டிக்கப்பட்டபோது, சான்று உண்மையானது, சரிபார்க்கத்தக்கது என்ற காரணத்தால் அவர் பக்கமே 1990-இல் தீர்ப்பு வந்தது. விளம்பரம் அனுமதிக்கப்பட்ட அந்த நாட்டிலும் சான்று பெற்ற வல்லுநர் என்று சொல்பவர் சான்று தந்த அமைப்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று அமெரிக்க பார் சங்கத்தின் மாதிரி விதிகள் கேட்கின்றன. அந்த நாட்டு வாசகத்தை நம் ஊர்ப் பக்கத்தில் அப்படியே ஒட்டவைப்பவர், அங்கே அதற்குப் பின்னால் நிற்கும் வாரியம் இங்கே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்.

இணையதளம் வைக்கலாம், ஆனால் ஐந்தே தலைப்பில்

2008-இல் விதி 36-க்கு ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அதன் ஒப்புதலோடு, அட்டவணையில் கண்ட விவரங்களை மட்டும் வழக்கறிஞர் தம் இணையதளத்தில் வெளியிடலாம். பெயர்; முகவரி, தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்; பதிவு எண், பதிவு நாள், முதலில் பதிவு செய்த மாநில பார் கவுன்சில், இப்போது பெயர் உள்ள மாநில பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம்; தொழில் மற்றும் கல்வித் தகுதிகள்; தொழில் செய்யும் துறைகள் என்பவையே அந்த ஐந்து தலைப்புகள். கொடுத்த விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழியும் தேவை. ஒப்புதல் பெற்ற விவரத்துக்கு மேல் எதைச் சேர்த்தாலும் அது விதிமீறல் ஆகும், பிரிவு 35-இன்கீழ் நடவடிக்கைக்கு உரியது என்று அந்த விலக்கே சொல்கிறது.

தொழில் செய்யும் துறைகளுக்கு எடுத்துக்காட்டாக உரிமையியல், குற்றவியல், வரி, தொழிலாளர் என்று அட்டவணையே குறிப்பிடுகிறது. பலகையில் சிறப்புத் தேர்ச்சி என்று எழுதத் தடை, இணையதளத்தில் துறையைக் குறிப்பிட அனுமதி என்றால் முரணாக இல்லையா என்று கேட்கலாம். "குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன்" என்பது நான் செய்யும் வேலையைப் பற்றிய தகவல். "குற்றவியல் வழக்குகளில் தேர்ந்தவன்" என்பது மற்றவர்களைவிட நான் மேல் என்ற உரிமைகோரல். முதலாவதை எழுதுங்கள், இரண்டாவதை விட்டுவிடுங்கள். முன்னணி, சிறந்த, நம்பர் ஒன், நூறு சதவீத வெற்றி, 24 மணி நேரத்தில் ஜாமீன் ஆகிய சொற்கள் எதற்கும் அட்டவணையில் இடமில்லை. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று எழுதுபவர் இன்னொரு விதியையும் சேர்த்து மீறுகிறார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை விதி 20 தடுக்கிறது.

பக்கத்தை வடிவமைப்பவரிடம் கொடுக்கும் முன், அதில் வரவிருக்கும் முழு வாசகத்தையும் தாளில் அச்சடித்து, கையொப்பமிட்டு, முகப்புக் கடிதத்தோடு இந்திய பார் கவுன்சிலுக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புதல் வந்த பின் வெளியிடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் அஞ்சல் ரசீதையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளர்கள் தாமாகவே "கட்சிக்காரர்கள் எங்களைப் பற்றி" என்று ஒரு பகுதியைச் சேர்த்து, நான்கு பாராட்டுரைகளை எழுதி நிரப்பிவிடும் வழக்கம் உண்டு. வெளியிட்ட அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே திறந்து படித்துப் பாருங்கள்.

பட்டியல் தளங்களும் நட்சத்திரக் குறிகளும்

வணிகத் தகவல் நிறுவனத்திலிருந்து ஒருநாள் உங்களுக்கு அழைப்பு வரும். உங்கள் பகுதியில் வழக்கறிஞரைத் தேடுபவர்களுக்கு உங்கள் பெயரை முதலில் காட்டுகிறோம், மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்பார்கள். புதிதாக அலுவலகம் வைத்து, வாடகை நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாகத் தெரியும் என்பதை நான் அறிவேன். ஏற்காதீர்கள்.

இதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 3 அன்று அளித்த தீர்ப்பை ஒவ்வொரு புதிய வழக்கறிஞரும் முழுமையாகப் படிக்கவேண்டும். நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோரைக் கொண்ட அமர்வு, குவிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் ஆகிய தளங்கள் வழியாக வழக்கறிஞர் சேவை விளம்பரப்படுத்தப்படுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை விசாரித்தது. இணையம் வழியாக நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு நான்கு வாரங்களில் சுற்றறிக்கை அனுப்பவேண்டும் என்றும், ஏற்கெனவே வெளியான விளம்பரங்களை நீக்கச் செய்யவேண்டும் என்றும் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞருக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுத்து விலை குறித்து விற்பது இத்தொழிலின் மாண்பைக் குலைக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். அடுத்த சில நாட்களிலேயே இந்திய பார் கவுன்சில் மாநிலக் கவுன்சில்களுக்கு அவ்வாறே அறிவுறுத்தியது.

உங்களைக் கேட்காமலே ஏதேனும் தளம் உங்கள் பெயரைப் போட்டிருக்கக்கூடும். வாரத்தில் ஒருநாள் உங்கள் பெயரை நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால், நீக்கும்படி எழுத்துமூலம் கேட்டு, அந்த மின்னஞ்சலைப் பாதுகாத்துவையுங்கள். பின்னாளில் புகார் வந்தால் அந்த ஒரு மின்னஞ்சலே உங்களுக்குக் கைகொடுக்கும்.

சமூக ஊடகமும் நீதிமன்ற வாசல் மைக்கும்

சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் காணொளிகளை நான் குறைசொல்லமாட்டேன். பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் புரியவைத்தால் அது ஆயிரம் குடும்பங்களுக்கு உதவும். காணொளி முடியும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. "உங்களுக்கும் இப்படிப் பிரச்சினை இருந்தால் கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள்" என்ற ஒரு வரி சேர்ந்துவிட்டால் அதுவரை விளக்கமாக இருந்தது வேலை கேட்பதாக மாறிவிடுகிறது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் வெளியிட்ட செய்திக்குறிப்பு, திரைக் கலைஞர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் கொண்டு சட்ட அலுவலகங்களை விளம்பரப்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஜாமீன் கிடைத்த அன்று மாலை உத்தரவு நகலோடு படம் எடுத்துப் போடுவது இன்று மிகவும் பரவிவிட்ட பழக்கம். நடத்தும் வழக்கு தொடர்பாகத் தம் படத்தை வெளியிடக்கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்க, அந்த உத்தரவில் உங்கள் கட்சிக்காரரின் பெயரும் குற்றச்சாட்டும் உள்ளன என்பதை எண்ணிப்பாருங்கள். அவருக்கு அந்த வழக்கு மறக்கவேண்டிய விஷயம். கட்சிக்காரர் உங்களை நம்பிச் சொன்னவற்றை வெளியிடக்கூடாது என்று பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 தடுக்கிறது. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டிவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72-இன்கீழ் நீங்களே குற்றம்சாட்டப்பட்டவராக நிற்கவேண்டிவரும். பரபரப்பான வழக்குகளில் நீதிமன்ற வாசலில் மைக்கை நீட்டினால், விசாரணை எந்த நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

தரகர்கள்

விபத்து நடந்த மறுநாள் அரசு மருத்துவமனை வார்டில், காயம்பட்டவரின் கட்டிலருகே ஒருவர் வந்து நின்று, இன்ன வக்கீலிடம் போனால் இவ்வளவு வாங்கித் தருவார் என்று பேசி, வெற்று வக்காலத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவரின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வக்காலத்து யாருக்காக வாங்கப்படுகிறதோ அந்த வழக்கறிஞரும் விதி 36-ஐ மீறுகிறார்; தரகர் என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. 2023-இல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 45அ-வின்படி, உயர் நீதிமன்றமும் மாவட்ட நீதிபதியும் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிடலாம். பட்டியலில் பெயர் உள்ளவர் தரகு வேலை செய்தால் 3 மாதம்வரை சிறை அல்லது 500 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் குமாஸ்தாவே கமிஷன் பேசி ஆள் பிடித்தாலும் பொறுப்பு உங்கள்மீதே வரும் என்பதால், அவரை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

புகார் வந்துவிட்டால்

வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 35-இன்கீழ் மாநில பார் கவுன்சில் புகாரை மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். அந்த உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன் பின் 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸ் வந்தவுடன் குற்றம்சாட்டப்பட்ட விளம்பரத்தை உடனே நீக்குங்கள். ஆனால் நீக்கும் முன் அது இருந்தபடி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீக்கிய நாளையும் குறிப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் பதில் எழுதுங்கள். தெரியாமல் செய்ததை ஒப்புக்கொண்டவரைவிட, தாம் செய்ததே அன்று என்று மறுத்துப் பின்னர் ஆதாரத்தோடு பிடிபட்டவர்தான் குழுவின் நம்பிக்கையை இழப்பார்.

பிறகு வேலை எப்படி வரும்?

விளம்பரமும் கூடாது, தரகரும் கூடாது என்றால் முதல் இரண்டு ஆண்டு எப்படிப் பிழைப்பது என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வராது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளையையும், பெரிய அலுவலகத்தின் வாரிசையும் இந்தத் தடை தொடுவதில்லை. முதல் தலைமுறையாகக் கோட்டுப் போட்டவரைத்தான் அது அழுத்துகிறது என்ற குறையில் உண்மை இருக்கிறது. விதியை மாற்றவேண்டுமானால் அதைப் பார் கவுன்சிலிடம் வெளிப்படையாகக் கேட்கவேண்டும். மாறும்வரை நேர்வழிகள் சிலவும் உண்டு.

சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், அதன்கீழ் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் இயங்குகின்றன. அங்கே இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்தும் பட்டியல் வழக்கறிஞராக விண்ணப்பியுங்கள். கட்டணம் குறைவு என்றாலும் வழக்கு உங்கள் கையில் முழுமையாக இருக்கும். சிறையில் இருக்கும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்காக ஆஜராகும்படி நீதிபதி கேட்டால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு சாட்சியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யும்போது, அறையின் பின்வரிசையில் வேறு வழக்குகளுக்காகக் காத்திருக்கும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் முதல் உரிமையியல் வழக்கு அப்படித்தான் வந்தது. ஒரு திருட்டு வழக்கில் சட்ட உதவி வழக்கறிஞராக நான் நின்ற அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வெளியே வந்து, "தம்பி, உங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் காலை, பெயரும் பட்டமும் மட்டுமே எழுதிய அந்தச் சின்னப் பலகையைப் பார்த்து, வீடு சரிதானா என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.